காக்கா எச்சத்தைத் தேடி ஐம்பது கிலோமீட்டர்

ஞாயிறு காலை 6.10. இருநூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு கே.கே. நகரிலிருந்து ஸ்கூட்டரைக் கிளப்பினேன். டி. கல்லுப்பட்டியைத் தாண்டி ஓர் எலுமிச்சைத் தோட்டத்தில் புழுவைப் படமெடுக்கப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

நான் ஒரு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்பவள். நான்கு வருடமாகப் புழுக்களின் பின்னால் கேமராவோடு அலைகிறேன். எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு, சிறிசாக இருக்கும்போது அச்சு அசலாகக் காக்கா எச்சம். பறவை திரும்பியும் பார்க்காது. கடைசியாகத் தோல் உரிக்கும்போதுதான் இலைப்பச்சைக்கு மாறும். இரண்டு கோலத்துக்கும் என்னிடம் படம் உண்டு. மாறுகிற நிமிடம்தான் இல்லை. உடன் வேலை செய்யும் ஜோதி, ரெண்டும் வேற வேற புழு என்று அடித்துச் சொல்கிறாள். அவள் வாயை அடைக்க அந்த ஒரு படம் வேண்டும்.

தோட்டத்துக்குச் சொந்தக்காரரான முத்துப்பேச்சி அக்கா, எங்கள் கிளினிக்குக்கு ரத்தப் பரிசோதனைக்கு வந்த இடத்தில் என் செல்லில் பச்சைப் புழுவைப் பார்த்தவர். எங்க மரத்துல அம்புட்டுக் கெடக்கு, ஞாயித்துக்கிழமை மருந்தடிக்க ஆள் வருது என்றார். அதற்குள் வந்துவிடுகிறேன் என்று கெஞ்சியிருந்தேன்.

7.00. திருமங்கலத்தில் பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ.

7.50. தோட்டம் முப்பது சென்ட். கூலிக்குக் களையெடுத்த காட்டுக்குப் பக்கத்திலேயே சொந்தமாக வாங்கிய நிலம் என்பதை அக்கா முதல் பேச்சிலேயே சொன்னார். சொல்லும்போது முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். மரங்களைப் பார்த்தேன். இலைகள் பளபளவென்று இருந்தன.

"போட்டோ எடுக்க வாரீகன்னு வெள்ளனவே எந்திரிச்சு எல்லா இலையவும் ஈரத்துணியால தொடச்சுட்டேன் மேடம். ஒரே காக்கா எச்சம்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. விருந்தாளிக்கு வீட்டைக் கூட்டுவதுபோல் மரத்தைத் துடைத்தவரிடம் என்னவென்று கோபிப்பது? துடைத்ததெல்லாம் எச்சமில்லை, நான் தேடி வந்த புழுவும் அதில் போயிருக்கும் என்று மெல்லச் சொன்னேன். அக்கா, வாய்க்காலில் அலசிய துணியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மரம் மரமாகக் குனிந்து தேடத் தொடங்கினார்.

9.30. "இந்தக் கொப்புல முள்ளு குத்துச்சுன்னு தொடைக்காம விட்டேன்" என்று பெரிய மரத்தடியிலிருந்து கூப்பிட்டார். அங்கே ஒரே ஒரு எச்சம். தின்னாமல், அசையாமல் கிடந்தது. தலைக்குப் பின்னால் தோல் இறுகியிருந்தது. உரிக்கப்போகிற அடையாளம் அதுதான்.

காத்திருந்தோம். வெயில் ஏறியதும் அக்கா குடை பிடித்தார். நான் வாங்கிக்கொள்கிறேன் என்றாலும் தரவில்லை.

12.40. தலைக்குப் பின்னால் தோல் வெடித்தது. பழைய எச்சத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டு பச்சை வெளியே வந்தது. அடுத்தடுத்து எடுத்தேன். எல்லாப் படமும் தெளிவாக விழுந்திருந்தது. எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

கழற்றிய சட்டையையே அது தின்று முடித்தது. உடம்பு இறுகியதும் விரலால் லேசாகத் தொட்டேன். தலையிலிருந்து செக்கச்செவேலென்று கவட்டைக் கொம்பு நீண்டது. அழுகிய எலுமிச்சை வாடை. எறும்பையும் குருவியையும் விரட்டும் ஆயுதம். அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, "இம்புட்டு ரோசமா இதுக்கு" என்று சிரித்தார்.

3.15. கிளம்பும்போது மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு ஆள் வந்தார். அக்கா வழியை மறித்தார்.

"கன்னுகளுக்கு மட்டும் அடிங்கண்ணே. பெரிய மரத்துப் பக்கம் போக வேணாம். கன்னுலயும் எச்சம் மாதிரி எது கெடந்தாலும் அடிக்காம என்னையக் கூப்புடுங்க."

எங்கள் கே.கே. நகரில் வீட்டுக்கு வீடு நாய் ஜாக்கிரதை பலகை தொங்கும். இங்கே ஒரு புழுவுக்கு, நிலத்துக்காரியே குடையோடு காவல் நின்றார். ஜோதிக்கு அனுப்பவேண்டிய படத்தை நான் இன்னும் எடுக்கவில்லை என்று தோன்றியது. ஸ்கூட்டரை நிறுத்தி, அக்காவையும் மரத்தையும் சேர்த்து ஒன்று எடுத்தேன்.