படியில் மாற்றிய சீருடை

சனிக்கிழமைகளில் என் இராணுவப் பள்ளிச் சீருடை, இத்தாலியில் நாங்கள் குடியிருந்த பிரான்காச்சோவில், எங்கள் மாடிவீட்டின் கீழ்ப்படியோடு நின்றுவிடும். அந்த இருட்டு மூலையில் தொப்பி, கோட்டு எல்லாவற்றையும் கழற்றிப் பையில் திணித்து, ஜீன்ஸைப் போட்டுக்கொண்டுதான் மேலே ஏறுவேன். அது அம்மா செய்த ஏற்பாடு. அப்பா போர் முடிந்த பிறகு வன்னியிலிருந்து வந்தவர். சீருடை போட்ட யாரைக் கண்டாலும் தரையைத்தான் பார்ப்பார். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர் ஏறினாலும் அப்படித்தான்.

"வேற பள்ளிக்கூடம் கிடைக்கேல்லையோ உனக்கு?" என்று ஒரேயொரு தடவை கேட்டார். கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, அங்கேயே தங்கவைத்துப் படிப்பிக்கும் இடம் அது. நுழைவுத் தேர்வின் கணக்குப் பாடத்தில் நான்தான் முதலாவது. பதினைந்து வயதில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. விட்டுக்கொடுப்பேனா?

அந்தத் தலைக்கனத்தை என்னோடு ஒரே அறையில் படுத்த மூன்று பெண்கள் பதம் பார்த்தார்கள். அம்மா ஒரு பணக்கார இத்தாலியச் சீமாட்டியின் வீட்டில் துப்புரவு வேலை செய்கிறாள் என்று எப்படியோ அறிந்துவிட்டார்கள். காலையில் நிலம் துடைக்கும் மொப்பைச் சுவரோடு நிறுத்திவைத்து, "உன் ஜெனரலுக்கு சல்யூட் அடி" என்பார்கள். அடிக்காவிட்டால் நான் மடித்த கட்டில் விரிப்பைக் கலைத்துவிடுவார்கள். அதிகாரிகளின் அறைப் பரிசோதனையில் தண்டனை எனக்கு விழும். கணக்குத் தாளில் ஒரு புள்ளி குறைந்தாலே சண்டைக்குப் போகிற நான், இரண்டு மாதம் ஒரு மொப்புக்கு சல்யூட் அடித்தேன். வீட்டில் வாய் திறக்கவில்லை. சீருடைக்காரர் என்னை வதைக்கிறார்கள் என்று அப்பா அறிந்தால், அன்றோடு பள்ளிக்கு முழுக்குப் போடவேண்டியதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை என் பொறுமை போய்விட்டது. மொப்பை முழங்காலில் வைத்து முறித்து ஜன்னலால் எறிந்தேன். அது போய் ஓர் அதிகாரியின் கார் கூரையில் விழுந்தது. நாலு பேரின் பெற்றோரையும் கூப்பிட்டார்கள். அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை.

மறுநாள் பல்லரோச் சந்தையில் மீன் வெட்டுகிற வேலையிலிருந்து அப்பா நேரே வந்தார். பள்ளித் தலைமை அதிகாரியின் அறையில் அந்த மூன்று பேரும் தாய்மாரோடு இருந்தார்கள். அப்பா உள்ளே வந்து, மேசைக்குப் பின்னால் இருந்த சீருடையைக் கண்டார். யாரும் எதுவும் கேட்கவில்லை. சட்டைப்பையிலிருந்து பெர்மெஸ்ஸோவை, இந்த நாட்டில் இருக்க அவருக்குத் தந்த அனுமதி அட்டையை, எடுத்து இரண்டு கையாலும் மேசையில் வைத்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூன்றில் ஒருத்தி சிரித்தாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன், இவர் என் அப்பாவாக இல்லாமலிருந்தால் நல்லது என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அடுத்த கணம்தான் விளங்கியது: அவர் கேட்காமலே அட்டையை நீட்டியதும், நான் மொப்புக்கு சல்யூட் அடித்ததும் ஒரே பயத்தில்தான்.

எழும்பிப் போய் அட்டையை எடுத்து அவருடைய பையில் வைத்தேன். "இஞ்சை இது தேவையில்லை அப்பா. இருங்கோ."

பிறகு இரண்டு மாதக் கதையையும் இத்தாலியனில் ஒன்றுவிடாமல் சொன்னேன். என் ஞாபகசக்தி அன்றுதான் உருப்படியாகப் பயன்பட்டது. மூன்று பேருக்கும் ஒரு மாதம் வீட்டுக்குப் போகத் தடை. மொப்பை முறித்ததற்காக எனக்கு ஒரு வாரம் கழிவறை துடைக்கும் தண்டனை. என் அம்மாவின் மகள் அதைத் திறமாகவே செய்தாள்.

அன்று வீடு திரும்பும் பஸ்ஸில் சீருடையோடு அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். "இனிப் போகவேண்டாம்" என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன்.

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"நீங்கள் மறிச்சுப்போடுவியள் எண்டு பயந்தன்."

பார்வையை வெளியே வைத்தபடியே கேட்டார்: "திங்கக்கிழமை போகப்போறியோ?"

"ஓம்."

வீட்டுப் படியடியில் வழமைபோலப் பையைத் திறந்தேன். இரண்டு படி ஏறிய அப்பா திரும்பினார். தொப்பியிலிருந்து சப்பாத்து வரை என்னைப் பார்த்தார்.

"மாத்தாதை பிள்ளை," என்றார். "இப்பிடியே மேலை வா."