முன் சீட்டில் அம்மா

ஏற்காட்டுக்கு நாங்கள் போய்ச் சேரவே இல்லை. ஆனாலும் எங்கள் உறவில் யார் பேச்செடுத்தாலும் அதை ‘ஏற்காடு ட்ரிப்’ என்றுதான் சொல்வார்கள். அப்பா சொல்லும் கதையில் நான் ஒரு பயந்தாங்கொள்ளி. வெயில் கண்ணைக் கூசியதாம், வண்டி கொஞ்சம் ஒதுங்கியதாம், நான் கூச்சல் போட்டு எல்லாருடைய விடுமுறையையும் பாழாக்கிவிட்டேனாம். கேட்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. என் கணவர் மஸ்கட்டில் வேலையில் இருந்தார். நானும் ஐந்து வயது மகளும் மயிலாப்பூரில் அப்பா அம்மாவோடு இருந்தோம். தி.நகரில் எனக்கு வேலை. காலையில் ஆபீஸுக்கு ஓட வேண்டும் என்பதால் குழந்தையைச் சாந்தோமில் இருந்த பள்ளிக்கூடத்தில் அப்பாதான் காரில் கொண்டு விடுவார். கூடவே அம்மாவும் போவாள். வரும்போது காய்கறி வாங்க வேண்டும் என்பாள், கோயிலில் இறங்க வேண்டும் என்பாள். ஒரு நாள்கூட அவர் தனியாக வண்டியை எடுத்து நான் பார்த்ததில்லை. வயதான காலத்தில் இவ்வளவு ஒட்டுதலா என்று நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

அந்தக் கார் அப்பாவுடையது. அவருடையது மட்டும்தான். தினமும் காலையில் ஒரு வாளித் தண்ணீரும் பழைய பனியனுமாக அதைத் துடைத்துக்கொண்டிருப்பார். நான் லைசென்ஸ் வாங்கி நான்கு வருடமாகியிருந்தது. என் கணவர் விடுமுறையில் வரும்போதெல்லாம் அவருடைய அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு மகாபலிபுரம் வரை நான்தான் ஓட்டுவேன். ஆனால் சொந்த வீட்டில் சாவியைத் தொட்டால் போதும், அப்பா, “கிளட்சைத் தேச்சுடுவே” என்பார். அதற்குமேல் பேச்சே கிடையாது.

மே மாத விடுமுறையில் ஏற்காடு போகலாம் என்று அவராகவே ஆரம்பித்தார். ரயிலில் போகலாமே என்றேன். “கார் எதுக்கு இருக்கு?” என்றார். ஏரியில் படகு விடுவார்கள் என்று யாரோ சொல்லி, மகள் ஒரு வாரமாகப் படகு படகு என்று குதித்துக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் இட்லியும் மிளகாய்ப்பொடியும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு கிளம்பினோம். நானும் மகளும் பின்னால். அம்மா முன் சீட்டில்.

அடையாறு பாலம் தாண்டுவதற்குள்ளேயே அம்மா தொடங்கிவிட்டாள். “ஏன்னா, லெஃப்ட்ல சைக்கிள்காரன். முன்னாடி பஸ் நின்னுண்டிருக்கு. சிக்னல் விழுந்துடுத்து, நில்லுங்கோ.” இது புதிதல்ல. முன் சீட்டில் உட்கார்ந்தால் அம்மாவின் வாய் மூடாது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கேலி. பனகல் பூங்காவைச் சுற்றிவந்தால் எத்தனை ஆட்டோ, எத்தனை மாடு என்று அம்மா கணக்கே கொடுத்துவிடுவாள் என்று என் கணவர் சொல்வார். அப்பா ஒரு நாளும் எரிச்சல்பட்டதில்லை. மற்ற எதற்கும் அவளை வாயைத் திறக்கவிடாத மனிதர், காரில் மட்டும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வருவார்.

தாம்பரம் தாண்டியதும் காற்று ஜில்லென்று வந்தது. மதுராந்தகம் ஏரியோரம் நிறுத்தி இட்லி சாப்பிட்டோம். மகள் தண்ணீரைப் பார்த்ததும் இதுதான் ஏற்காடா என்று கேட்டாள். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். திண்டிவனத்துக்கு அப்புறம் அவர் ஒரு வைக்கோல் லாரியின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார். எதிரே சாலை காலியாக இருந்தபோதும் அதை முந்தவில்லை. “ஓவர்டேக் பண்ணேன்பா, தூசி மேல விழறது” என்றேன். “என்ன அவசரம்?” என்றார். வயதாகிறது, நிதானம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

உளுந்தூர்ப்பேட்டையில் லாரி வேறு பக்கம் திரும்பிப் போய்விட்டது. அம்மா வாந்திக்குப் பயந்து ஒரு மாத்திரை போட்டிருந்தாள். நாங்கள் சேலம் சாலையில் திரும்பிய கொஞ்ச நேரத்தில் தலையைக் கதவில் சாய்த்துத் தூங்கிப்போனாள். இரண்டு பக்கமும் புளியமரங்கள். சாலையில் கூட்டமே இல்லை. மகள் என் மடியில் நின்று முன்பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூரத்தில் சாலையின் பாதியை அடைத்து எதையோ பரப்பியிருந்தது தெரிந்தது. அந்தப் பக்கத்து ஊர்களில் கேழ்வரகுக் கதிரைச் சாலையில் போட்டுவிடுவார்கள். வண்டிகள் ஏறி ஏறி மணி உதிரும். ஓரத்துக்கு வரிசையாகக் கல் வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு பெண் முறத்தோடு குனிந்திருந்தாள். சிவப்புப் புடவை. இத்தனையும் எனக்குப் பின் சீட்டிலிருந்து தெரிந்தது. அப்பா வேகத்தைக் குறைக்கவில்லை. இப்போது ஹாரன் அடிப்பார், இப்போது திருப்புவார் என்று பார்த்தேன். வண்டி நேராக அந்தப் பெண்ணை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

“அப்பா! ஆள்!”

நான் கத்திய பிறகுதான் அவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். அந்தப் பெண் பின்னால் துள்ளி விழுந்தாள். முறம் சக்கரத்தில் நொறுங்கியது. கற்களின்மேல் ஏறி, சாலையை விட்டு இறங்கி, ஒரு புளியமரத்தில் பம்பர் இடித்து வண்டி நின்றது. மகளின் வாய் முன் சீட்டில் மோதி உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. ஒரு நிமிடம் அவள் அழக்கூட இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

அந்தப் பெண் எழுந்து ஓடி வந்தாள். முழங்கை இரண்டும் சிராய்த்திருந்தது. “யோவ், கண்ணு என்னா பொடனியிலயா கீது? மனுசி நிக்கிறது தெரில? கொழந்தய வச்சிக்கினு இப்பிடியா ஓட்டுவ?”

அப்பா இறங்கி, “ரோட்டை அடைச்சுக் காயப்போட்டா என்ன பண்றது? இது என்ன உங்க வீட்டுக் களமா?” என்று அவளிடமே பாய்ந்தார். “வெயில் கண்ணைக் கூசித்து. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?”

வெயில் எங்கள் தலைக்கு நேர் மேலே இருந்தது. கண்ணைக் கூச எதிரே ஒன்றுமில்லை.

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, “ஐயோ, நான் கண்ணசந்துட்டேனே. ஏன்னா, என் தப்பு, என் தப்பு” என்று அவரிடம் அழுதாள்.

குழந்தையின் வாயில் புடவைத் தலைப்பை அழுத்திக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தேன். வண்டி ஓட்டியது அவர். இவள் தூங்கினால் என்ன? ஏன் இவள் தப்பு? அம்மா என் கண்ணைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தத் திருப்பலில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு அப்பாவிடம் போனேன். புளியமரங்களுக்கு நடுவே ஓர் இடத்தைக் காட்டினேன்.

“அந்த மைல் கல்லுல என்ன போட்டிருக்கு, படி.”

“இப்ப எதுக்கு அது?”

“படிப்பா.”

அவர் கண்ணைச் சுருக்கினார். “கள்ளக்குறிச்சி” என்றார், கொஞ்சமும் தயங்காமல். “எத்தனை மைல்னு அழிஞ்சிருக்கு.”

அங்கே மைல் கல் இல்லை. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கிழவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாவியைக் குடு” என்றேன்.

“என்னடி பேசற? யார் வண்டி இது?”

“நடுரோட்டுல அசிங்கப்படுத்தணும்னு எனக்கு ஆசையில்லே. குடு.”

அவர் கொடுக்கவில்லை. நானே போய் வண்டியிலிருந்து உருவிக்கொண்டேன். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதை லட்சியம் பண்ணவில்லை. ஆனால் குழந்தையைப் பார்த்துவிட்டு ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, “வாய கொப்புளிக்கச் சொல்லு, முழுங்கிடப் போவுது” என்றாள். வழியில் வந்த டிராக்டர்காரர் கயிறு கட்டி வண்டியை மேலே இழுத்துவிட்டார். முகப்பு நசுங்கியிருந்ததே தவிர, ஓடியது. நான் அதைச் சென்னைப் பக்கம் திருப்பினேன். மகள் கிழிந்த உதட்டோடு, “படகு?” என்று கேட்டாள்.

அப்பா பின் சீட்டில், நான் உட்கார்ந்திருந்த இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் உச்சுக்கொட்டினார். திண்டிவனத்தில் அவரும் மகளும் தூங்கிய பிறகு அம்மாவிடம் கேட்டேன்.

“எத்தனை நாளா?”

“ரெண்டு வருஷம் இருக்கும். கண்புரைன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆபரேஷன்னா பயப்படறார்.”

“ரெண்டு வருஷமா தினம் குழந்தை அந்த வண்டியிலதான் ஸ்கூலுக்குப் போறா, தெரியுமோல்லியோ?”

“நான்தான் கூடவே போறேனே” என்றாள் அம்மா. “ஒரு நாளாவது விட்டிருக்கேனா? வண்டியும் இல்லேன்னா அவர் என்னடி ஆவார்? ரிட்டையர் ஆனதுலேர்ந்து அது ஒண்ணுதான் அவருக்கு.”

சாந்தோம் கடைத்தெருவில் பள்ளிக்கூட நேரத்தில் எத்தனை பிள்ளைகள் குறுக்கே ஓடும் என்று எனக்குத் தெரியும். மீன்கூடைக்காரிகள், சைக்கிள்கள், ரிக்ஷாக்கள். அத்தனைக்கும் நடுவே கண் தெரியாத ஒருவர், பக்கத்தில் வாயால் வழிகாட்டும் ஒருத்தி, பின்னால் என் பெண். அப்பாமேல் வந்த கோபத்தையாவது என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. அவர் எப்போதும் அப்படித்தான். அம்மாமேல் வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நாங்கள் சிரித்த ஒவ்வொரு முறையும் இவள் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாள்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. செங்கல்பட்டு தாண்டி அந்த வண்டி என் காலுக்கும் கைக்கும் பழகியபோது, கோபத்துக்கு நடுவிலும் எனக்கு ஒரு குஷி வந்தது. லாரிகளை ஒவ்வொன்றாக முந்தினேன். அடையாறு சிக்னலில் நசுங்கிய முகப்பைப் பார்த்து ஓர் ஆட்டோக்காரர், “இன்னாமா, எங்க போய் முட்டிக்கினு வர?” என்று கேட்டபோதுகூடச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தக் குஷியும் இரண்டு நாளில் போய்விட்டது. பம்பரைச் சரிசெய்ய அப்பா வழக்கமாகப் போகும் ராயப்பேட்டைப் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் ஒரு பாய். முன்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “இந்த தபா பலமா பட்டுக்கீது போல” என்றார்.

“இந்த தபான்னா?”

“சார் அப்பப்போ வருவாரும்மா. லெஃப்ட் சைடு ரெண்டு வாட்டி டெண்ட் எடுத்துக் குட்த்தேன். ஒருக்கா லைட்டு ஒடஞ்சிபோய் வந்தாரு. கேட்டுல இடிச்சுட்டேன்னாரு. ஊட்ல சொல்லலியா?”

வீட்டுக்கு வந்து சாவியை என் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். ஆபரேஷன் செய்துகொள்ளாமல் அது வெளியே வராது என்று சொன்னேன். அப்பா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு மாமி பால்கனிக்கு வந்துவிட்டாள். “பெத்த அப்பனை நொள்ளைன்னு சொல்றியா? குழந்தையை அழைச்சுண்டு வெளில போ” என்றார். “போறேன். குழந்தை உயிரோட இருக்கறச்சே போறேன்” என்றேன். அம்மா நடுவில் வந்து என் வாயைப் பொத்தினாள். என் வாயைத்தான் பொத்தினாள், அவருடையதை அல்ல.

ஒரே வீட்டில் இருந்தும் ஒரு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் குழந்தையிடம் சொல்லி அனுப்புவார். அப்புறம் எப்படியோ மனசு மாறி, யாரிடமும் கலந்துகொள்ளாமல், தானே போய் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக்கொண்டு வந்தார். முதலில் ஒரு கண், சில மாதம் கழித்து இன்னொன்று. கட்டுப் பிரித்த அன்று வீட்டுக்கு வந்தவர், சுவரில் இருந்த காலண்டரின் சின்ன எழுத்தையெல்லாம் உரக்கப் படித்தார். சுவரில் இவ்வளவு அழுக்கா என்று அம்மாவைத் திட்டினார். பார்க்க வந்த உறவினர்களிடம் புதுக் கண்ணைப் பற்றிப் பெருமையாகப் பேசினார். கூடவே ஏற்காடு ட்ரிப்பில் நான் எப்படிப் பயந்து நடுங்கினேன் என்ற கதையையும் சொன்னார்.

டாக்டர் ஓட்டலாம் என்று சொன்ன பிறகு நான் சாவியைக் கொடுத்துவிட்டேன். கொடுக்க மாட்டேன் என்று சொல்ல இனிக் காரணமில்லை. ஆனால் குழந்தையை அந்த வண்டியில் ஏற்றுவதில்லை என்றும் சொன்னேன். கண் தெரிகிறது, இன்னும் என்ன என்று அம்மா கேட்டாள். “ஒரு வார்த்தை தப்புன்னு சொல்லட்டும், ஏத்தறேன்” என்றேன். அந்த வார்த்தை வரவில்லை.

அந்த வருடக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானும் மகளும் பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்து திரும்ப பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். அப்பாவின் கார் எங்களைத் தாண்டிப் போய், ரிவர்ஸில் பின்னால் வந்து நின்றது. தனியாகத்தான் வந்திருந்தார். எட்டி, பின் கதவைத் திறந்துவிட்டார்.

“ஏறு. ஆத்துக்குத்தான் போறேன்.”

மகள் என்னைப் பார்த்தாள். அவளுடைய மேல் உதட்டில் அந்தத் தழும்பு அப்போதும் வெள்ளையாகத் தெரிந்தது.

“அன்னிக்கு நடந்ததுக்கு ஏதாவது சொல்லணும்னா சொல்லு, ஏறறோம்” என்றேன்.

அவர் முன்கண்ணாடி வழியாக நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள். “பிடிவாதம் பிடிக்கறே” என்றார். கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு போனார்.

பஸ் வர வெகு நேரமாயிற்று. வந்தபோது கூட்டம். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மயிலாப்பூர் வரை நின்றுகொண்டேதான் வந்தேன். கால் கடுத்தது. கோபம் கொஞ்சமும் குறையவில்லை.