ரௌட்டரில் மூடாமல் விட்ட கோப்பு

"சேவை குறித்த புகாருக்கு மூன்று வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தரப்படும்." எங்கள் இணைய ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் விதி இது. அதைப் படித்த ஒரே வாடிக்கையாளன் நானாகத்தான் இருப்பேன்.

மாநில அரசாங்க அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். மலேசியாவின் குவாலா சிலாங்கூரில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. வரிசைக்கே ஒரு இணைய இணைப்புதான். அதுவும் எங்கள் வீட்டில். கறிவேப்பிலை கொடுப்பதுபோல் என் மனைவி நான்கு வீட்டுக்கும் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டாள்.

பக்கத்து வீட்டு அண்ணன் அதே தோட்டத்தில் தொழிலாளர்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவர். அவர் இருக்கும் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். முன்னாள் தொழிலாளர்களுக்கான வீட்டுத் திட்டத்துக்கு மாநில அரசாங்கத்தின் இணையப் பக்கத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு முடிகிறது. என் கணினியில் பழைய பாட்டெல்லாம் திறந்தது; அந்தப் பக்கம் மட்டும் திறக்கவில்லை.

திங்கட்கிழமையே இணைய நிறுவனத்துக்குப் புகார் எழுதினேன். பொருள், மேற்கோள் எண், இணைப்பு, எல்லாம் முறைப்படி. வியாழன் வரை பதில் இல்லை. நினைவூட்டல் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

"கடிதம் எழுதுறதுக்குள்ள கடையே மூடிருவாங்க லா, கிராணி," என்றார் அண்ணன். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் விண்ணப்பத் தாள்கள் இருந்த கோப்பை இறுக்கிப் பிடித்திருந்தார்.

வெள்ளி மதியம் என் மனைவி பஸ் நிறுத்தத்தில் நின்று அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் திறந்து பார்த்திருக்கிறாள். திறந்தது. வீட்டுக்கு வந்து எங்கள் இணைப்பில் பார்த்தாள், இல்லை.

"என்னங்க, வெளிய உயிரோட இருக்குது, நம்ம வீட்டுக்குள்ள வந்தா செத்துப்போகுது. கம்பெனிய விட்டுட்டு உங்க பெட்டியப் பாருங்க."

ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். இணையப் பெயரை எண் முகவரியாக மாற்றுவது டிஎன்எஸ். ரௌட்டருக்குத் தெரியாத பெயரை அது மேலிடத்துக்கு அனுப்பும், அலுவலகத்தில் நாங்கள் கோப்புகளை அனுப்பியதைப் போல. அங்கே ஒரு தனி விதி இருந்தது: மாநில அரசாங்கத்தின் இணையப் பெயர் எது வந்தாலும் என் அலுவலக சர்வருக்கு அனுப்பு. கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாட்டில் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது, சுற்றறிக்கையைப் பார்த்து நானே எழுதியது. ஓய்வு பெற்ற அன்றே என் வீட்டுக்கும் அந்த சர்வருக்கும் இருந்த தொடர்பை அலுவலகம் துண்டித்துவிட்டது. பதில் தராத மேலிடத்திடம் பாவம் என் ரௌட்டர் அன்றுவரை கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

சாவி, அடையாள அட்டை, ஸ்டேப்ளர் வரை கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைத்தவன் நான். இந்த விதி ஒப்படைப்புப் பட்டியலில் இல்லை.

அழித்தேன். சேமித்தேன். ரௌட்டரை அணைத்துப் போட்டேன். பக்கம் திறந்தது. அண்ணன் ஒவ்வொரு தாளாக எடுத்துத் தர, நாலரைக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. குற்றவாளி யார் என்பதை மனைவியே அவரிடம் சொன்னாள். எனக்கு அந்த வாய்ப்பைத் தரவில்லை.

"போகட்டும் விடும்மா. கிராணி வேலைய இப்பதான் முழுசா முடிச்சிருக்காரு," என்றார் அவர்.

நிறுவனத்துக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்பினேன், மேற்கோள் எண்ணோடு. அதற்கும் இன்றுவரை பதில் இல்லை. அண்ணனுக்கு வீடு கிடைத்துவிட்டது என்ற பதில் மட்டும் வந்தது, எங்கள் வீட்டுக் கணினிக்கே, தைப்பூசத்துக்கு முந்தின வியாழக்கிழமை.