ஒன்பதரை கிலோ ஓம்

கோயம்புத்தூர்க்காரர்களிடம் எந்த இயந்திரத்தைக் காட்டினாலும் முதலில் வருகிற கேள்வி, "எத்தனை எச்பி?" என்பதுதான். கிரைண்டரைக் காட்டினாலும் கேட்பார்கள், மரம் அறுக்கிற மெஷினைக் காட்டினாலும் கேட்பார்கள். பதில் பெரிய எண்ணாக இருந்தால்தான் முகத்தில் திருப்தி வரும். பம்ப்செட்டால் வளர்ந்த ஊர், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பெரியநாயக்கன்பாளையத்து ஜோஸ்லின் இதே கேள்வியை ஒரு கிதாரிடம் கேட்டுவிட்டாள். அந்த வாரம் அவள் பட்ட பாடெல்லாம் அதனால் வந்ததுதான்.

ஜோஸ்லினுக்கு முப்பத்தொரு வயது. மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு மோட்டார் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவு அவள் பொறுப்பு. கட்டி முடித்த மோட்டார் ஒவ்வொன்றும் அவள் மேஜையில் ஓடிக் காட்டிவிட்டுத்தான் வண்டியேற வேண்டும். மீட்டர்கள் சொல்வதையெல்லாம் எழுதிக்கொள்வாள். பிறகு நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றின் முனையை ஓடுகிற மோட்டாரின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பாள். பேரிங்கில் மணலளவு குறை இருந்தாலும் தெரிந்துவிடும். அவள் "பிரிச்சுப் பாருங்க" என்று சொன்ன மோட்டாரைப் பிரித்தவர்கள், ஒன்றுமில்லை என்று திரும்பி வந்ததே கிடையாது. இதில் அவளுக்குப் பெருமை உண்டு, அதை அவள் ஒளித்து வைத்ததும் இல்லை.

கிதார் பன்னிரண்டு வயதில் மாதா கோயில் பாடகர் குழுவில் ஆரம்பித்தது. இன்றும் ஞாயிறு காலைப் பூசையில் அவள்தான் வாசிக்கிறாள். மற்ற நாட்களில் 'ஊதுலை' என்ற மெட்டல், அதாவது முரட்டு ராக், இசைக்குழுவில் ரிதம் கிதார். மிதுன் டிரம்ஸ், சைத்ரா பேஸ் கிதார் வாசித்துக்கொண்டே தொண்டை கிழியப் பாடுவாள், லீட் கிதார் சசிதர். இரண்டு வகை வாசிப்பையும் கேட்டுவிட்டு அவள் அம்மா கிருபாவதி ஒருமுறை சொன்னார்: "கோயில்ல வாசிக்கறது சாமிக்குக் கேக்கும் கண்ணு. இது சாமியோட சேத்து ஊருக்கே கேக்கும்."

ஊதுலை ஆறு வருடமாக வாசித்தாலும் ஒரு பாட்டுகூட முறையாகப் பதிவானதில்லை. இப்போதுதான் அவிநாசியில் ஒரு ஸ்டுடியோ கிடைத்திருந்தது. சனிக்கிழமை ஒரே நாளில் நான்கு பாட்டு. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, சரவணம்பட்டியில் சசிதர் வீட்டு மாடியில் ஒத்திகை முடிந்ததும் அவன் கொஞ்சம் தயங்கிவிட்டுப் பேசினான்.

"ஜோஸ்லின், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கிதாரு இந்தப் பாட்டுக்குப் பத்தாதுங்க. பல்லில்லாம கடிக்கற மாட்டம் இருக்குது. ரெக்கார்டிங்ல உங்க பங்கையும் சேத்து என்ற கிதார்லயே நான் வாசிச்சுப்போடறேன். பேரு உங்க பேருதானுங்க போடுவோம்."

சசிதர் கெட்டவன் இல்லை. ஐ.டி. வேலை, வெளிநாட்டுக் கிதார், எதையும் சுளுவாக முடித்துவிட வேண்டும் என்கிற அவசரம், அவ்வளவுதான். ஆனாலும் ஜோஸ்லினுக்குச் சுருக்கென்றது. ஆறு வருடம் வலது கை வலிக்க வலிக்க வாசித்ததற்கு, அட்டையில் ஒரு பெயரா? அழுகை வரவில்லை. நல்ல கோபம் வந்தது.

"வாசிக்காத பாட்டுல என்ற பேரு எதுக்குங்க?" என்றாள். "சனிக்கிழமைக்குள்ள பிக்கப்ப மாத்திக்கொண்டு வாரேன். அப்பவும் பத்தலைன்னா நீங்களே வாசிங்க. என்ற பேரும் வேண்டாம்."

பிக்கப் என்பது தந்திகளுக்குக் கீழே, கிதாரின் உடம்பில் பதிந்திருக்கும் காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது அதுதான். அவள் கிதாரில் இருந்தது வாங்கும்போதே கூட வந்த மலிவான பிக்கப். சசிதர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது என்பது அவளுக்கும் தெரியும். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்ததும் நேராக டவுன்ஹாலுக்குப் போனாள். அங்கே ஒரு சந்துக்குள் பெனடிக்டின் கிதார் ரிப்பேர் கடை. அவர் இழுப்பறையில் புதிதும் பழையதுமாக ஏழெட்டு பிக்கப்கள் பஞ்சு சுற்றிக் கிடந்தன.

"கிதார ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் பெனடிக்ட்.

"அதெல்லாம் வேண்டாமுங்க. எனக்குக் காயில் சுருளப் பத்தித் தெரியும்."

மல்டிமீட்டரை வாங்கி ஒவ்வொரு சுருளின் மின்தடையையும் தானே அளந்தாள். எட்டு கிலோ ஓம், ஒன்பதரை, பன்னிரண்டு, கடைசியில் பதினேழு. சுருளில் சுற்று கூடக்கூட எண்ணும் கூடும். எண் கூடினால் பலம் கூடும். மெட்டலுக்குப் பலம்தானே வேண்டும்? சசிதரின் பிக்கப் பதினாறு என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது. பதினேழைக் கையில் எடுத்தபோது, சிரிப்பை அடக்கிக்கொண்டாள் என்று சொன்னால் அது பொய். பெனடிக்ட் எதையோ சொல்ல வாயெடுத்தார், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு சால்டரிங் அயர்னைச் சூடுபண்ணப் போனார்.

செவ்வாய்க்கிழமை ஒத்திகையில் முதல் அடி விழுந்ததும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஜோஸ்லினின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி மிதுன் டிரம்ஸைத் தொடும் வரைதான் நின்றது. ஊதுலையின் பாட்டுகளுக்குத் தந்திகளை வழக்கத்தைவிட நாலு படி தளர்த்தி இறக்கியிருப்பார்கள். அந்தத் தளர்ந்த தடித் தந்தியை வேகமாக வெட்டி வெட்டி வாசிக்க, ஓர் அடி முடிவதற்குள் அடுத்த அடி அதன் மேல் வழிந்தது. எல்லாம் சேர்ந்து ராகிக் களியாகிவிட்டது. சைத்ராவின் பேஸ் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"என்ற பேஸ் ஒயர் கழண்டுபோச்சான்னு ரெண்டு தடவ பாத்துட்டேன்" என்றாள் சைத்ரா.

சசிதர் தன் கிதாரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான், அவ்வளவுதான். ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்று ஜோஸ்லினுக்கு இருந்தது. அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது முதல்முறையாக, சனிக்கிழமை தன் பங்கு கையைவிட்டுப் போய்விடும் என்று பயந்தாள்.

வியாழக்கிழமை கம்பெனிக்குக் காளிச்சாமி என்றொரு விவசாயி வந்தார். காரமடைப் பக்கம் வாழைத்தோட்டம். போர்வெல்லில் போட்ட புது மோட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, மோட்டார் சரியில்லை என்று இறக்கிவிட்டார். ஜோஸ்லின் ஓட்டிப் பார்த்தாள், மீட்டர் பார்த்தாள், காது வைத்தும் கேட்டாள். பிசிறில்லாமல் ஓடியது.

"மோட்டாரு தங்கமா இருக்குதுங்ணா. அங்க என்ன பண்ணுதுங்க?"

"பத்து நிமிசம் நல்லாத்தான் ஓடுதுங்க அம்மணி. அப்புறம் தண்ணி வர மாட்டீங்குது, காத்துக் காத்தாத் துப்புது."

"முன்னால என்ன போட்டிருந்தீங்க?"

"மூணு எச்பிங்க. கொஞ்சமா வரும், ஆனா நிக்காம வந்துட்டே இருக்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரரு அஞ்சு போட்டுப்போட்டாரு. சரி, நாம ஏழரையாப் போட்டுரலாம்னு..." காளிச்சாமி துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"மோட்டாரு மேல குத்தமில்லீங்ணா. உங்க போர்ல ஊறறதே கொஞ்சம். ஏழரை அத ஒரே இழுப்புல இழுத்துப்போட்டுச் சும்மா சுத்துது. போர் என்ன சொல்லுதுன்னு பாக்காமயே மோட்டார வாங்கிப்போட்டீங்க."

சொல்லி முடித்ததும் அவளுக்குக் காது சூடாகிவிட்டது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் பதினாறு, நாம் பதினேழு. காளிச்சாமிக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? அவருக்காவது மோட்டார் தெரியாது. தெரிந்த நான் இப்படிச் செய்தேனே என்று தன் மீதே சிரிப்பு வந்தது. காளிச்சாமி, தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்து, "எல்லாரும் பண்றதுதானுங்களே" என்றார். "ஆமாங்ணா, எல்லாரும்தான்" என்றாள் ஜோஸ்லின்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஆம்ப்ளிஃபயரைத் தொடவே இல்லை. கிதாரைக் கட்டிலில் படுக்கவைத்து, கம்பெனி ஸ்க்ரூடிரைவரின் முனையை அதன் உடம்பில் வைத்துக் கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டாள். தந்திகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். மெல்லிய தந்திகள் சீக்கிரம் அடங்கின. தடித் தந்தியைத் தட்டினால், விரலை எடுத்து நெடுநேரம் ஆன பின்பும் மரம் உறுமிக்கொண்டே இருந்தது. மூன்று முறை தட்டினாள், மூன்று முறையும் அதே கதை. பதினொரு வருடமாக மடியில் வைத்திருக்கிற கிதாருக்கு அவள் ஒருமுறைகூட இப்படிக் காது கொடுத்ததில்லை. உடம்பிலேயே இவ்வளவு கொழுப்பிருக்கிற கிதாருக்குக் கொழுத்த சுருள் எதற்கு? இதற்கு வேண்டியது கீழ்ச்சத்தம் குறைந்த, கறாரான ஒரு பிக்கப். வெறியை ஆம்ப்ளிஃபயரில் கூட்டிக்கொள்ளலாம். இப்போது அவளுக்குச் சந்தேகமே இல்லை.

வெள்ளிக்கிழமை பெனடிக்ட் அவளைப் பார்த்ததும் இழுப்பறையைத் திறந்துவிட்டார்.

"பதினேழு ஆகலீங்களா?"

"நான்தானுங்க ஆகல. கிதார வாசிச்சுக் காட்டச் சொன்னீங்களே, இப்பக் காட்டறேன்."

அவர் கேட்டார், தலையாட்டினார், மூன்று பிக்கப்களை எடுத்து வைத்தார். தந்தியைத் தளர்த்தி, ஒன்றை உட்காரவைத்து, ஒயரைத் தற்காலிகமாகப் பிடித்து, மறுபடி தந்தியை ஏற்றி வாசிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அரைமணி நேரம் ஆனது. மிதுனும் சைத்ராவும் வாசித்த ஒத்திகைப் பதிவை செல்போனிலிருந்து ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அதோடு சேர்ந்தே வாசித்தாள். முதலாவது பழைய களிதான், கொஞ்சம் இளக்கம். இரண்டாவது கேட்க இனிமை, கோயில் கிதாருக்கு நன்றாயிருக்கும். மூன்றாவது அந்த ஒன்பதரை, உள்ளே செராமிக் காந்தம்.

"இது யாரும் எடுக்கறதில்லீங்க" என்றார் பெனடிக்ட். "கடையில தனியா வாசிச்சா ஒல்லியாத் தெரியும், வெச்சுட்டுப் போயிருவாங்க."

ஒல்லியாகத்தான் தெரிந்தது. ஜோஸ்லின் உள்ளங்கையால் தந்தியை அழுத்தி வெட்டினாள், சட்டென்று நிறுத்தினாள். சத்தமும் கூடவே நின்றது. மெட்டலில் பாதி வேலை சத்தத்தை நிறுத்துவதுதான். டிரம்ஸோடு சேர்த்து வாசித்தபோது ஒவ்வோர் அடியும் தனித்தனியாக விழுந்தது, கீழே சைத்ராவின் பேஸுக்கும் இடம் கிடைத்தது.

"இதையே சால்டர் பண்ணிப் பத்த வெச்சுருங்க" என்றாள்.

சனிக்கிழமை அவிநாசி ஸ்டுடியோவில், சத்தம் சரிபார்க்க ஜோஸ்லின் தனியாக நாலு அடி வாசித்தாள். சசிதரின் முகம் சுருங்கியது.

"முன்னைக்கு இன்னும் ஒல்லியாயிருச்சுங்களே ஜோஸ்லின்."

"தனியாக் கேட்டு முடிவு பண்ணாதீங்க. மிதுன் அடிக்கட்டும், அப்புறம் சொல்லுங்க."

முதல் பாட்டை நான்கு பேரும் சேர்ந்து ஒரே மூச்சில் வாசித்தார்கள். ஜோஸ்லினின் வலது கை ஆறு வருடம் பழகியதைச் செய்தது. முடிந்ததும் எல்லாரும் கன்ட்ரோல் அறைக்குப் போய் நின்றார்கள். ஒலிப்பதிவாளர் சைதன்யா ஓடவிட்டார். இடது பக்க ஸ்பீக்கரிலிருந்து ஜோஸ்லினின் கிதார் வந்தது. மிதுனின் காலோடு காலாக, ஓர் அடிகூட மற்றதன் மேல் வழியாமல் வந்தது. நிறுத்த வேண்டிய இடங்களில் அறையே மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. கேட்கக் கேட்க அவளுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"இந்தக் கிதாருக்கு நான் ஒண்ணும் பண்ண வேண்டியதில்லீங்க" என்றார் சைதன்யா. வலது பக்கத்தைக் காட்டினார். "அந்தக் கிதாருதான் பேஸ் மேல ஏறி உக்காந்துக்குது."

வலது பக்கம் சசிதர். அவன் மறுபடி ஓடவிடச் சொன்னான். இன்னொரு முறையும் ஓடவிடச் சொன்னான். பிறகு ஜோஸ்லினிடம் திரும்பி, இந்த ஊர்க்காரன் கேட்க வேண்டியதையே கேட்டான்.

"எத்தனைங்க அது?"

"ஒன்பதரை."

"என்றது பதினாறு." அவள் பக்கம் நகர்ந்து வந்தான். "ஏனுங்க ஜோஸ்லின், நீங்க உங்க பங்க நாலு பாட்டுக்கும் வாசிச்சு முடிச்சதுக்கப்புறம், என்ற பங்க நான் உங்க கிதார்ல வாசிச்சுக்கட்டுங்களா?"

ஜோஸ்லின் போன ஞாயிற்றுக்கிழமை கேட்ட வார்த்தை திரும்பி வந்து நிற்கிற அழகை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டாள்.

"வாசிங்க" என்றாள். "பேரு உங்க பேருதானுங்க போடுவோம்."

முதலில் சிரித்தது சசிதர்தான். ஜோஸ்லின் கிதாரை மாட்டிக்கொண்டு இரண்டாம் பாட்டுக்கு உள்ளே போனாள்.