உப்பு ஆகாத ராசாத்தி

ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன், விசுவாசத்தில் என் கூடப்பிறந்தவர்களே. ஆனால் முதலில் அவர் செய்யாததைச் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் என் ஒரே மகள் செல்வி மூளைக்காய்ச்சலில் இறந்துபோனாள். முட்டி தேய ஜெபித்தேன். அவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகு பூசைக்குப் போவேன், வாயைத் திறக்க மாட்டேன். எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அடுத்த வருஷம், தவக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால், செல்வியின் துணிமணிகளைக் கொடுக்க அரியலூர்ப் பக்கம் சிஸ்டர்கள் நடத்தும் ஆதரவற்றோர் இல்லத்துக்குப் போனேன். அங்கே ஒரு கிழட்டுப் பூனை சுருண்டு கிடந்தது. பெயர் ராசாத்தி. இல்லத்தில் இருந்துகொண்டு அதை வளர்த்த அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்.

"பல்லு பாதி இல்லம்மா, சிறுநீரகமும் கெட்டுப்போச்சு. உப்பே ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உப்பில்லாம மீன அவிச்சு, மசிச்சுக் குடுக்கணும். இத்தன பேருக்குச் சமைக்கிற எடத்துல அத யாரு பாக்குறது?" என்றார் சிஸ்டர்.

ஏனோ கையை நீட்டிவிட்டேன். கூடையில் வைத்து, பஸ் ஏறிக் கீழப்பழுவூருக்குக் கொண்டுவந்தேன். "மகாராணிக்குத் தனிச் சமையலா?" என்று என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். ஆனாலும் ஏரி மீன் வாங்கி வந்தது அவர்தான். ராசாத்தி தேறினாள். என் மடியில் தூங்கப் பழகினாள்.

எங்கள் தெருவில், தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு முந்தின நாள் எல்லா வீட்டிலும் கருவாட்டுப் பானையைக் காலி செய்துவிடுவார்கள். ஈஸ்டர் வரைக்கும் கவிச்சி கிடையாது. நான் தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரம், பக்கத்து வீட்டு லூர்து அக்கா மிச்சக் கருவாட்டையெல்லாம் பாசமாகக் கொண்டுவந்து ராசாத்திக்குப் போட்டுவிட்டார். பாவம், அவருக்குத் தெரியாது. பூனைக்குக் கருவாடு ஆகாது என்று உலகத்தில் யார்தான் நினைப்பார்கள்?

மறுநாள் நெற்றியில் விபூதியோடு கோயிலிலிருந்து திரும்பினால், ராசாத்தி வாந்தி எடுத்துத் துவண்டு கிடந்தாள். தண்ணீரைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அரியலூர் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் ஊசி போட்டார். "தண்ணி குடிச்சா பொழைக்கும். இனிமே நம்ம கையில இல்லீங்க" என்றார். அதே வார்த்தையைச் செல்வியைப் பற்றியும் ஒரு டாக்டர் சொல்லியிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஜெபம் வரவில்லை, சண்டைதான் வந்தது. "ஆண்டவரே, எம் புள்ளையத்தான் எடுத்துக்கிட்டீங்க. இந்தக் கெழட்டுப் பூனையுமா வேணும்? இதையாச்சும் வுட்டுட்டுப் போங்க" என்று கத்தினேன். லூர்து அக்கா வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தார். உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலையைத் தொடங்கினார். பூனைக்காக ஜெபமாலையா என்று யாரும் சிரிக்கவில்லை. என்னையறியாமல் நானும் பதில் ஜெபம் சொன்னேன்.

பொழுது சாய்கிற நேரம். ராசாத்தி தலையைத் தூக்கினாள். தள்ளாடி எழுந்து, கிண்ணத்தில் வாயை வைத்து நக்கி நக்கிக் குடித்தாள். நான் ஓவென்று அழுதேன். செல்வி போன பிறகு நான் அழுதது அன்றைக்குத்தான்.

மறுநாள் என் வீட்டுக்காரர் மீனோடு வந்தார். தவக்காலத்தில் வீட்டுக்குள் மீனா என்று தயங்கினேன். "ஒருசந்தி நோம்பெல்லாம் நமக்குத்தான். அது ஞானஸ்நானம் வாங்கலியே" என்று சொல்லிவிட்டு, கொல்லையில் மூன்று கல் கூட்டி அவரே அவித்தார். அதற்குப் பிறகும் ராசாத்தி சில வருஷம் இருந்தாள்.

பூனையைத் திருப்பிக் கொடுத்தவர் மகளை ஏன் கொடுக்கவில்லை? இன்றைக்கும் தெரியாது. தினமும் கேட்கிறேன், சில நாள் கோபமாகவே கேட்கிறேன். ஆனாலும் நன்றி ஆண்டவரே, ஆயிரம் நன்றி.

துக்கத்தில் வாயடைத்துப் போனவர்கள் உங்களில் இருந்தால் ஒன்று சொல்கிறேன். பெரிய ஜெபமெல்லாம் வேண்டாம். கண்ணெதிரே எது தவிக்கிறதோ, அதற்காக ஒரு வார்த்தை கேளுங்கள். திட்டிக்கொண்டே கேட்டாலும் அவர் எழுந்து போய்விட மாட்டார்.