லிஃப்ட்காரர் ஏறிய படிகள்

எங்கள் வட்டாரத்தில் பாதி லிஃப்டுகளை ரிப்பேர் பார்ப்பவர் அவர். லிஃப்ட் கெட்டால்தானே ஆளைக் கூப்பிடுவார்கள்? அதனால் வாழ்நாளெல்லாம் படியேறியே மேலே போனவர். நாலு மாதமாக மூன்றாவது மாடி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறது, உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் விட்டுவிடுகிறது என்று அவர் மனைவிதான் எங்கள் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

டாக்டரம்மா ஆற அமர விசாரித்தார். வலி ஒரே மாதிரி வந்து போவதால் பதற வேண்டாம், ஆனால் பார்த்தே ஆகவேண்டும் என்றார். இதய ஸ்கேனா, டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்க்கும் டெஸ்டா என்று கொஞ்சம் யோசித்தார். ஈசிஜி சுத்தமாக இருக்கிறது, மனுஷன் நன்றாக நடக்கிறார், டிரெட்மில்லே போதும் என்று எழுதினார். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை ஒன்றும் கொடுத்தார். "டெஸ்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி இதை நிறுத்தச் சொல்லிடுங்க சிஸ்டர்" என்றார் என்னிடம்.

சீட்டைக் கொடுக்கும்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? பன்னிரண்டு வருஷமாக எல்லோரிடமும் சொல்வதையேதான். "மாத்திரையை ஒருநாள்கூட விட்டுடாதீங்க." வாய் அதுபாட்டுக்குப் பேசிவிட்டது.

சொன்னதைக் கேட்கிற மனிதர். டெஸ்ட் தேதிக்காக ஆறு வாரம் காத்திருந்து, அன்று காலையும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார். துடிப்பு ஏறவே இல்லை. முடிவு சொல்ல இயலாது என்று ரிப்போர்ட் வந்தது. இதயம் நன்றாக இருக்கிறதென்று பேப்பர் வந்தால்தான் படியேறும் வேலை என்று அவருடைய லிஃப்ட் கம்பெனி அவரை ஸ்டோர் ரூமில் உட்காரவைத்துவிட்டது. போல்ட் நட்டுகளைப் பிரித்து அடுக்கும் வேலை.

இந்த முறை டாக்டரம்மா ஸ்கேனுக்கு எழுதினார். டிரெட்மில்லை ஒழுங்காக முடித்துவிட்டு வரட்டும் என்று ஸ்கேன் சென்டர் ஃபாரத்தைத் திருப்பி அனுப்பியது. மறுபடி ஆறு வாரம்! சென்டர்காரர்களிடம் போனில் கத்தித் தீர்த்தேன். கத்தி என்ன பிரயோஜனம், முதல் தப்பு என்னுடையதாயிற்றே.

போன திங்கட்கிழமை அவர் தனியாக வந்தார்.

"உங்க டெஸ்டும் வேணாம், ஒண்ணும் வேணாம் சிஸ்டர். மாத்திரையை நிறுத்திட்டு நானே ஏறிப் பாத்துட்டேன்."

"எத்தனாவது மாடில வலிச்சுது?"

"முதல் மாடிக்கே. இப்ப உங்க வாசப்படிக்கும்."

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த டாக்டரம்மா எழுந்து வந்தார். எந்தச் சீட்டும் எழுதவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னார்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அவர் என் கையைப் பிடித்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"இனிமே ஆறு வாரம் காத்திருக்க வேணாம், இல்ல சிஸ்டர்?"