சூடு காட்டிய போன்

போனில் விரலால் வாசிக்கிற இசைச் செயலிகளுக்குத் திரை வடிவமைப்பது என் தொழில். அதாவது, எதைத் தொடுவது என்று தெரியாமல் நீங்கள் திட்டித் தீர்க்கிற அந்த ஆள் நான்தான்.

இந்தத் தடவை தப்பு மேளம். மலையகத்து ஹட்டனில் வீட்டிலிருந்தே வேலை செய்யக் கொழும்புக் கம்பெனி சம்மதித்தது, ஒரு நிபந்தனையோடு: திரையில் ஒரு வரி விளக்கம்கூட இருக்கக் கூடாது, வாங்குகிறவர் யாரையும் கேட்காமல் வாசிக்க வேண்டும். தவறினால் செயலியை மூடிவிடுவார்கள், நான் பழைய கொழும்பு அறைக்கே திரும்ப வேண்டும். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. எனக்குப் போகவே பிடிக்கவில்லை.

அடுப்படி

பூண்டுலோயாவில் மாரியப்பண்ணன் திருவிழாவுக்கெல்லாம் தப்படிக்கிறவர். அவரிடம் போனைக் கொடுத்தேன். திரையில் நான் வரைந்திருந்த தோல் அச்சு அசலாக இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எழுந்தார், நேராகத் தன் லயத்து வீட்டு அடுப்படிக்குப் போய் நெருப்புக்கு நேரே பிடித்துவிட்டார். அலறிக்கொண்டு ஓடிப் பிடுங்கினேன். போன் பிழைத்தது. அவருக்குத்தான் என் மேல் வருத்தம்.

“தோலுக்குச் சூடு காட்டாம அடிச்சா சத்தம் எப்புடிங்க எழும்பும்?”

விரல்

அவர் சொன்னது நியாயம். முதலில் மந்தமாக ஒலிக்கும், உள்ளங்கையால் தேய்த்தால் முறுக்கேறும் என்று மாற்றிக்கொண்டு டயகமவுக்குப் போனேன். அங்கே செல்வமணியக்கா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். நான் வரைந்த வட்டத்தில் விரல் நுனியால் தட்டினார். சத்தமே இல்லை. சேலையில் துடைத்துவிட்டுத் தட்டினார். ஊஹும். பறித்துப் பறித்துக் காய்த்துப்போன அந்த நுனியைத் திரை விரலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. நான் வாங்கித் தட்டினேன், உடனே ஒலித்தது. வெட்கமாகப் போய்விட்டது. அக்கா சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

“ஒங்க கைக்கு மட்டுந்தான் பாடுமோ, தங்கச்சி?”

ஆலோசனை

கம்பெனியில் என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்து நண்பரிடம் போனில் புலம்பினேன். பெரிய படிப்பாளி. பொறுமையாகக் கேட்டுவிட்டு வழி சொன்னார்.

“அவவை மற்ற விரலாலை தட்டச் சொல்லுமன்.”

மடுவம்

பத்து விரலும்தானே பறிக்கின்றன! வட்டத்தைத் தூக்கிப்போட்டேன். திரை முழுவதும் தோல். மடக்கிய விரலின் மொளி, முஷ்டி, உள்ளங்கை, எது பட்டாலும் பேசும்.

செயலியைச் சோதிக்கக் கம்பெனி மேலாளர் கொழும்பிலிருந்து வந்தார். டயகமவுக்கே போகலாம் என்றார். கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து முதலில் வெளியே வந்தவரிடம் போனை நீட்டினார். செல்வமணியக்கா!

அக்கா விரல் நுனியைப் பார்த்தார், பிறகு மொளியால் ஒரு தட்டு தட்டினார். ‘தொப்’ என்றது. நான் வாயைத் திறக்கப் போனேன். மேலாளர் கையைக் காட்டி அடக்கினார். அக்கா முகத்தைச் சுளித்தார். உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, திரையை அழுத்தித் தேய்த்தார். மறுபடி தட்டினார். கணீரென்று எழும்பியது. அப்புறம் நிறுத்தவே இல்லை; கூடையோடு நின்ற பெண்கள் கை தட்டத் தொடங்கிவிட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“யார் சொல்லிக் கொடுத்தது?” என்று மேலாளர் சந்தேகமாகக் கேட்டார்.

“இதுல சொல்லிக் குடுக்க என்னங்க இருக்கு?”

மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த வேலையில் ஒன்றுமே இல்லை என்று அக்கா சொல்லிவிட்டதால்தான், இதை ஹட்டன் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.